மாறா அளவும் சத்தும்

சார்புக் கொள்கை என்னும் பெயரைக் கேட்ட அளவிலே, யாவும் காண்போரைச் சார்ந்தனவாகலின் உலகம் பொய்த்தோற்றம் என்பது விஞ்ஞானத்தால் நிலைபெற்றது என மகிழ்வார் ஒரு சாரார். அக்கொள்கையுள் மாறாதது ஒன்று உண்டு, அதுவே சைவர் கூறும் சத்து எனக் களிப்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் பொருந்தாமை ஈண்டு ஆராயப்படும்.

ஐன்ஸ்டைன் 1905இல் வெளியிட்ட கொள்கையை, அவர்க்கு ஆசிரியராயிருந்த மின்கோவ்ஸ்கி 1908இல் வடிவியல் முறையான் விளக்கினார். ஒருவர் அளவில் இரு நிகழ்ச்சிகளுக்கிடையே காலம் 5 நொடி. தொலைவு ஒளி 3 நொடியிற் கடக்கும் அளவினது என்க. 5இன் வர்க்கமாகிய 25இல் 3இன் வர்க்கமாகிய 9ஐக் கழிக்க எஞ்சுவது 16. மற்றொருவர் ஒளியின் ஐந்தில் மூன்று பங்கு வேகத்திற் சென்று அவ்விரு நிகழ்ச்சிகளிலும் உடனிருக்கின்றார். அவர்க்குத் தொலைவு இன்று. அவர் கடிகாரம் காட்டுவது 4 நொடியே. 4இன் வர்க்கமும் 16. காலம் வேறு, தொலைவு வேறு, 16 வேறன்று. சீரான வேகத்துடன் செல்வார் எவர் அளப்பினும் இதுவே வரும். அவரனைவரும் ஒப்ப நிற்றலாகிய இச்சமச்சீரே கொள்கையின் உயிர். காண்போன் மாறினும் விதி மாறாது எனக் கூற வந்த கொள்கைக்குச் சார்பு எனப் பெயரிட்டதே குழப்பத்துக்கு வித்தாயிற்று என்பது எம் கருத்து.

இச்சமச்சீரை ஆராய்ந்தோர் அயல்நாட்டார் மட்டும் அல்லர். எம் ராஜா அண்ணாமலைபுரத்துக்கு அணித்தாகிய மயிலாப்பூரில், ஏகாம்ர நிவாசம் என்னும் தம் மனையில் அறிஞரைக் கூட்டி ஆராய்ந்துவந்தவர் அல்லாடி இராமகிருஷ்ணன். 1962இல் சென்னையிற் கணித விஞ்ஞான நிறுவனத்தைத் தோற்றுவித்த அவர், இக்கொள்கையிற் பிறர் கருதாது விட்ட சமச்சீர்களைப்பற்றியும் கட்டுரை வரைந்தார். மனைப்பெயர் கச்சி ஏகம்பத்தை நினைப்பித்தல் நமக்கு இனிது. பெயரொற்றுமை கொண்டு சித்தாந்தம் நாட்டல் ஆகாது.

முன்னையோர்க்கு விடை எளிது. வளிமண்டலத்தின் மேற்பகுதியிற் பிறக்கும் மியூவான் என்னும் நுண்டுகளின் சராசரி ஆயுள் நொடியின் பத்திலக்கத்தில் 2.2 பங்கு. ஒளிவேகத்திற் செல்லினும் அதற்குள் 660 மீட்டரளவே கடத்தல் கூடும். எனினும் பல நிலத்தை எய்துகின்றன. நம் கணக்கில் அதன் ஆயுள் நீண்டது; அதனுடன் செல்வார் கணக்கில் வளிமண்டலம் குறுகியது. எய்தியது என்பதில் இருவர்க்கும் பிணக்கில்லை. ஓரளவினின்று மற்றையளவைக் கணித்துப் பெறலாகும் ஒழுங்குடையது பொய்த்தோற்றம் ஆதல் யாங்ஙனம்?

பின்னையோர் நம்மவராகலின் சிறிது விரித்துரைப்பாம். மாறாமை இருவகைத்து. காண்போர் பலர்க்கும் ஒத்திருத்தல் ஒன்று. தோற்றமும் ஒடுக்கமும் இன்றி என்றும் ஒருபடித்தாய் நிற்றல் மற்றொன்று. மேற்கூறிய 16 முன்னதன்பாற்படும். வேறிரு நிகழ்ச்சிகளைக் கொள்ளின் எண்ணும் வேறாம். சிவஞானபோதம் ஆறாஞ் சூத்திரத்தின்படி சுட்டியறியப்படுவன யாவும் அசத்து. கோலும் கடிகாரமும் கொண்டு பெறும் அளவு சுட்டறிவின்பாற்படாது பிறிது யாதாம்? காலமோ மாயையிற் றோன்றிய தத்துவம். அதனொடு தொலைவைச் சேர்த்துக் கணிப்பினும் அது மாயாகாரியத்தின் அளவேயாம்.

அற்றேல், இம்மாறா அளவு சித்தாந்திக்குப் பயன்படாதோ எனின், படும். முதற் சூத்திர ஆராய்ச்சியில், அவன் அவள் அது எனப்பட்ட உலகம் உள்பொருள் என நாட்டுமிடத்து, மாயாவாதியை மறுத்தற்கு ஓர் எடுத்துக்காட்டாக வைக்கத்தகும். ஆறாஞ் சூத்திரத்துச் சத்தின் பக்கல் அதற்கு இடமில்லை.