பழசானது பார்ட்ஸா, விதிகளா?

வீட்டு கம்ப்யூட்டர் ஐ5-6500. 2015-ல் வந்த பிராசசர். இன்னும் நாலு வருஷம் ஓட்டலாமான்னு பார்க்க போன மாசம் கேபினெட்டைத் திறந்தேன். பரணில் கிடந்த இன்னொரு மெஷினிலிருந்து 8 ஜிபி டிடிஆர்4 ராம், பழைய லேப்டாப்பிலிருந்து சாட்டா எஸ்எஸ்டி. இரண்டையும் மாட்டினேன். ஆள் மாறிப்போச்சு.

இதில் மாயம் இல்லை. 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்கில் வேண்டிய இடம் தலைக்கு அடியில் வரவே சராசரியாக 4 மில்லிசெகண்ட் ஆகும். தலை நகரும் நேரம் தனி. எஸ்எஸ்டியில் சுற்றவோ நகரவோ எதுவும் இல்லை.

சிக்கல் அடுத்த படியில்தான். போர்டு எல்ஜிஏ1151. எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புக்கும் அதே 1151 பின். ஆனால் அதற்கு 300 சீரிஸ் போர்டு கட்டாயம் என்று 2017-ல் இன்டெல் சொன்னது. ஆறு கோருக்கு பவர் சப்ளை பலமாக வேண்டுமாம். சரி, ஒப்புக்கொள்வோம். ஆனால் ஐ3-8100-க்கு நாலே கோர், 65 வாட். என் ஐ5-6500-க்கும் நாலு கோர், 65 வாட். அதுக்கு ஏன் தடை? பயாஸை மாற்றி பழைய போர்டிலேயே எட்டாம் தலைமுறையை ஓட்டிக் காட்டிய ஆர்வலர்களும் இருக்கிறார்கள்.

விண்டோஸ் 11 கதையும் இதேதான். 2021-ல் டிபிஎம் 2.0, எட்டாம் தலைமுறை என்று கோடு போட்டார்கள். பாதுகாப்புக் காரணத்தை நான் கிண்டல் செய்யவில்லை, அதில் நியாயம் உண்டு. ஆனால் ஏழாம் தலைமுறையில் 7820எச்க்யூ உட்பட சில சிப்புகளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. மைக்ரோசாஃப்ட் விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-வில் இருந்ததும் அதே 7820எச்க்யூ. கோடு சிலிக்கானில் இல்லை, பட்டியலில் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10 ஆதரவும் முடிந்தது. நல்லா ஓடுகிற மெஷின்கள் ஒரே நாளில் 'பழசு' ஆயின.

அதுக்காக பழசெல்லாம் தங்கம் என்றும் சொல்ல மாட்டேன். எஸ்எம்பிஎஸ்ஸில் கெபாசிட்டர் காயும். அது போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஹார்ட் டிஸ்க் தேயும். குடும்ப போட்டோக்களுக்கு அதை மட்டும் நம்பக்கூடாது. இந்த இரண்டில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆகவே கேட்க வேண்டியது 'எத்தனை வருஷம் ஆச்சு' என்பதல்ல. இது தேய்ந்துபோனதா, இல்லை நிறுத்தி வைக்கப்பட்டதா? முதலாவது என்றால் மாற்றுங்கள். இரண்டாவது என்றால் ஒரு லினக்ஸ் போட்டுப் பாருங்கள். நான் எஸ்எம்பிஎஸ் மட்டும் புதுசாக வாங்கினேன். இந்தப் பதிவை அந்த ஐ5-இல்தான் அடித்தேன்.