படர்க்கையில் ஒரு பால்யம்

தன் வாழ்க்கையைத் தானே எழுதப் புகுகிறவன் "நான்" என்றுதான் பேசவேண்டும் என்பது நம் எதிர்பார்ப்பு. எகிப்து தேசத்துப் பேரறிஞர் தாஹா ஹுசைனோ, 1926-இல் 'அல்-ஹிலால்' பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கி 1929-இல் நூலுருவம் பெற்ற 'அல்-அய்யாம்' என்னும் தம் சுயசரிதையில், தமது இளம்பிராயத்தைச் "சிறுவன்" என்றும் "நம் நண்பன்" என்றும் படர்க்கையிலேயே நிறுத்துகிறார். 'நாட்கள்' என்று பொருள்படும் அந்நூலை ரசிக்க விரும்புவோர், வாக்கியந்தோறும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும்: இதை அறிந்தவன் அந்தச் சிறுவனா, எழுதுகின்ற பெரியவரா?

முதற் பக்கத்தையே பாருங்கள். சிறுவயதிலேயே தவறான வைத்தியத்தால் பார்வையை இழந்த அவருக்கு, தம் முதல் ஞாபகம் எந்த நாளுக்குரியது என்பது தெரியவில்லை. முகத்தில் பட்ட காற்றின் குளுமையைக் கொண்டு, விடியற்காலமோ அந்திப்பொழுதோ என்று ஊகிக்கிறார். தன்னைவிட உயர்ந்து நின்ற நாணல் வேலி ஒன்றே நிச்சயமாக நினைவில் நிற்கிறது. அந்த வேலி ஒரு பக்கம் உலகத்தின் முடிவு வரை நீண்டிருந்ததென்பது சிறுவனின் ஞானம். ஞாபகம் நம்பத்தக்கதன்று என்பது பெரியவரின் ஞானம். இரண்டும் அங்கே அருகருகே அமர்ந்திருக்கின்றன.

அடுத்து, உணவுக் காட்சியில் நிதானியுங்கள். ஒருநாள் ஏதோ ஓர் ஆவலில் அவன் இரு கைகளாலும் கவளத்தை எடுக்க, சகோதரர்கள் சிரிக்கிறார்கள், தாய் அழுகிறாள், தந்தை துயரம் தோய்ந்த குரலில் திருத்துகிறார். அன்று முதல் பலவகை உணவுகளைத் தனக்கே விலக்கிக்கொண்ட அந்தப் பிள்ளையின் வெட்கத்தை, "நான்" என்று சொல்லியிருந்தால் முறையீடாக ஒலித்திருக்கும். "அவன்" என்று சொன்னதாலேயே அது சாட்சியமாகிறது, நம் மனமும் அவனருகே போய் அமர்ந்துகொள்கிறது.

முதற் பாகத்தின் இறுதி அத்தியாயத்தில்தான் அபூர்வமான திருப்பம் நிகழ்கிறது. அங்கே அவர் ஒன்பது வயதான தம் மகளை நோக்கிப் பேசுகிறார். கண்ணிழந்த ஈடிபஸ் மன்னனின் கதையைக் கேட்டு அவள் தேம்பி அழுததையும், தம் பால்யத்தைச் சொன்னால் அவள் சிரிப்பாளோ, அழுவாளோ என்று தாம் அஞ்சுவதையும் வெளியிடுகிறார். அன்புக்குரிய ஒரு முன்னிலை எதிரே வந்து அமர்ந்த பிறகே, அதுகாறும் ஒதுங்கியிருந்த தன்மை வாய்திறக்கிறது.

அவ்வத்தியாயத்தைப் படித்து முடித்ததும் மீண்டும் நாணல் வேலியருகே வாருங்கள். "அவன்" என்ற அச்சிறு சொல்லினுள், தன் குழந்தையை அழவைக்க மனமில்லாத ஒரு தகப்பனின் தயக்கம் இப்போது உங்கள் காதில் விழும்.