கயிறு இழுக்கிற சனம்

“என்ன சார், உங்க ஊர்ல இன்னும் ஜெனரேட்டர் கயிறு இழுத்துக்கிட்டா இருக்கீங்க? ஒரு இன்வெர்ட்டர் வாங்கி மாடிப்படிக்குக் கீழ வெச்சா வேலை முடிஞ்சுதே!”

திருச்சி தில்லைநகரில் எங்களைத் தாங்கு தாங்கென்று தாங்கிய ஒரு வீட்டுக்காரர் கேட்ட கேள்வி. கேட்டவர் நல்ல மனுசன். இட்லி குறையக் குறைய வைத்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்துக்கொண்டு சாப்பிட்டேன். ஆனால் ஊருக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி உள்ளே கிடந்து உறுத்தியது. இலங்கைத் தமிழன் என்றால் இருட்டுக்குள் இருப்பவன், அவனுக்கு நாம்தான் வெளிச்சம் காட்டவேண்டும் என்ற நினைப்பு அக்கரையில் பலருக்கு உண்டு. இதற்கு ஒரு பதில் எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

அவர் சொன்ன இன்வெர்ட்டர் வேறு, என் வீட்டுக் கொட்டிலில் நிற்கிற இன்வேர்ட்டர் வேறு. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் ஒரு பெட்டியும் பக்கத்தில் ஒரு 12 வோற் பற்றறியும்தான். கறண்ட் இருக்கும்போது பற்றறி ஏறும். போனதும் கண்மூடித் திறக்கமுன் மின்விசிறி அதில் ஓடும். யாழ்ப்பாணத்துக் கடையில் வெறுமனே இன்வேர்ட்டர் என்றால் “சோலருக்கோ அண்ணை?” என்பார்கள். இன்வேர்ட்டர் ஜெனரேற்றர் என்று முழுதாகச் சொன்னால்தான், கைபிடி வைத்த அந்தச் சின்ன இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைப்பார்கள்.

அது கயிறு இழுத்துத் தொடங்குவதுதான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே நடப்பது பழைய சங்கதி அல்ல. சாதாரண பெற்றோல் ஜெனரேற்றரில் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால்தான் 50 ஹேர்ட்ஸ் வரும். ஒரு எல்ஈடி பல்ப் எரிந்தாலும் 3000, வீடு முழுக்க எரிந்தாலும் 3000. அதனால்தான் அந்த அலறல், அந்தப் பெற்றோல் குடி. இன்வேர்ட்டர் ஜெனரேற்றரோ எஞ்சின் தருகிற மின்சாரத்தை முதலில் நேரோட்டமாக்கி, பிறகு இலத்திரனியல் சுற்றின் மூலம் சுத்தமான 230 வோற், 50 ஹேர்ட்ஸ் ஆக்கித் தருகிறது. அதிர்வெண்ணுக்கும் எஞ்சின் வேகத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. சுமை குறைந்தால் எஞ்சினும் அடங்கி ஓடும். பக்கத்து வளவில் ஓடும்போது கேட்டிருக்கிறேன்: மெல்லிய முணுமுணுப்பு, குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிறசர் தொடங்குகிற கணத்தில் தொண்டையைச் செருமி ஏறும், பிறகு தானாகத் தணியும். மடிக்கணினியையும் வைஃபை பெட்டியையும் பயமில்லாமல் கொழுவலாம். கயிறு இழுக்கிற சனம் என்று எங்களைச் சொல்கிறவர்கள் அந்தக் கயிற்றின் மறுமுனையில் இருப்பது என்னவென்று பார்க்கவேண்டும்.

இரண்டு ஊரையும் பிரிப்பது கடைக்காரன் கேட்கிற முதல் கேள்விதான். திருச்சியில் எங்கள் வீட்டுக்காரருடன் ஒரு பற்றறிக் கடைக்குப் போனபோது கேட்டது: “எத்தனை ஃபேன் சார்? ஏசி ஓடணுமா?” யாழ்ப்பாணத்தில் கேட்பது: “கிணத்து மோட்டரும் இழுக்கோணுமோ?” அங்கே கறண்ட் போனால் முதலில் காற்றுப் போகிறது. நாற்பது பாகை வெயிலில் பூட்டிய மாடிவீட்டுக்குள் விசிறி நின்றால் என்ன நடக்கும் என்பதைச் சித்திரை மாதத்தில் நானே அனுபவித்தேன், குறை சொல்லமாட்டேன். இங்கே கறண்ட் போனால் போவது தண்ணீர். வற்றாத ஆறில்லாத ஊர். வீட்டுக்கொரு கிணறு, மேலே ஒரு தாங்கி, இடையில் ஒரு மோட்டர். காற்று எங்களுக்கு வேப்பமரத்தடியில் இலவசமாகக் கிடைக்கும். தண்ணீரை யாராவது இழுத்துத்தான் ஆகவேண்டும்.

இந்த மோட்டர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஆயிரம் வாற்ஸுக்குச் சற்று மேலே எடுக்கும். எழும்பும்போது அதுபோலப் பல மடங்கு கேட்கும். 2 கேவிஏ இயந்திரத்தில் கொழுவிப் பாருங்கள்: எஞ்சின் ஒருதரம் உறுமும், முகப்பில் சிவப்பு விளக்கு எரியும், பிறகு எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், மின்சாரம் மட்டும் வராது. பழுதாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. பழுதில்லை, தாங்காத சுமையை அது துண்டித்துவிட்டது, அவ்வளவுதான். அரைக் குதிரைவலு மோட்டர் பெரும்பாலும் எழும்பிவிடும். ஒரு குதிரைவலு என்றால் 3 கேவிஏ அளவிலாவது பார்க்கவேண்டும். அல்லது இணைத்து ஓட்டக்கூடிய சின்ன இயந்திரங்கள் இரண்டு. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கிற எண்ணை நம்பவேண்டாம், அது ஒருசில நொடிக்குத் தாங்கும் உச்ச அளவு. பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் தொடர் அளவுதான் கணக்கு.

எஞ்சின் என்றால் எங்களுக்குப் பயமில்லை என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1990இல், போரால், மலைநாட்டு லக்சபானவில் இருந்து வந்த மின்சாரம் யாழ் குடாநாட்டில் அணைந்தது. பெற்றோலும் பற்றறியும் தடைசெய்த பொருட்கள். அந்த ஆண்டுகளில் மண்ணெண்ணெயில் மோட்டர் சைக்கிள் ஓடியது. சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் இன்று வைத்தியர்கள், பொறியியலாளர்கள். சாமத்தியவீட்டுக்கு ஒரு ஜெனரேற்றர், ஒரு கலர் ரீவி, ஒரு டெக் வாடகைக்கு வந்தால் விடியும்வரை முற்றத்தில் படம் ஓடும். நடுவில் எஞ்சின் இருமினால், படம் பார்க்கிறவர்களில் ஒருவர் எழும்பிப் போய்ப் பிளக்கைக் கழற்றி மண்கடதாசியால் தேய்த்துவிட்டு வந்து உட்காருவார். பிறகு மின்சாரம் வந்தபோதும் நெடுங்காலம் உள்ளூர் டீசல் இயந்திரங்களில் இருந்தே வந்தது. போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்தே தேசிய மின்கட்டமைப்பு யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தை மீண்டும் எட்டியது. ஊரே ஜெனரேற்றரில் ஓடியிருக்கிறது. குருநகரில் படகு எஞ்சின் திருத்துகிற பெடியனுக்கு ஒரு காபரேற்றர் கழுவுவது தேத்தண்ணி குடிக்கிற நேரத்து வேலை. இந்தக் கைகள் உள்ள ஊரில் எஞ்சின் வாங்குவது பின்தங்கிய புத்தி ஆகுமா?

திருச்சிப் பற்றறியிலும் நியாயம் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் பாவம். சத்தமில்லை, புகையில்லை, பக்கத்து வீட்டான் சண்டைக்கு வரான். படுக்கையில் கிடக்கும் முதியவருக்குக் காற்று அறுவதில்லை. கறண்ட் போனது தெரிந்ததே கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு நிறம் மாறியதால்தான். வீட்டு அம்மா வாரத்துக்கு ஒருதரம் குனிந்து பற்றறியின் மூடிகளில் சிவப்பு மிதப்பான் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, வடிநீர் ஊற்றுகிறார். அதைக்கூட ஒரு சடங்காகத்தான் செய்கிறார். ஆனால் மலிவான சதுர அலைப் பெட்டி என்றால் விசிறி உர்ரென்று உறுமும். அந்த உறுமலில் எனக்குத் தூக்கம் வரவில்லை, அவர்களுக்கு அது கேட்பதே இல்லை. கணக்கையும் பாருங்கள். 150 ஆம்பியர்-மணிப் பற்றறி, 12 வோற்: ஏட்டில் 1800 வாற்-மணித்தியாலம். மூன்று விசிறி, சில விளக்கு, 300 வாற்ஸ் என்றால் இழப்புகள் போக நாலு மணித்தியாலம் கிடைத்தால் நல்லது. பிறகு முழுதாக ஏற ஏறக்குறைய அரைநாள் கறண்ட் வேண்டும்.

அங்கேதான் கதை இருக்கிறது. 2012இல் சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டு ஊர்களில் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேலாக, ஒரு மணி இருந்தால் ஒரு மணி இல்லை என்று வெட்டினார்கள். அப்போது பற்றறி ஏறவே நேரமில்லை என்று இதே வீட்டுக்காரர்தான் சொன்னார். 2018 நவம்பர் 16 கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. காவிரி டெல்ரா கிராமங்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. மாடித் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றவும் கைபேசிக்குச் சார்ஜ் போடவும் அங்கே என்ன வந்தது? வாடகை ஜெனரேட்டர். கயிறு இழுத்துத்தான் வந்தது.

“2022இல் உங்கள் எஞ்சினுக்குப் பெற்றோல் எங்கே இருந்தது?” என்று திருப்பிக் கேட்பார்கள். சரியான கேள்வி. பொருளாதார நெருக்கடியின் அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால வெட்டு. பெற்றோல் செட்டில் கிலோமீற்றர்க் கணக்கில் வரிசை. கானில் ஊற்றமாட்டோம் என்றார்கள். யூலையில் கியூஆர் அட்டை வந்தது, அது முதலில் வாகனத்துக்குத்தான். மோட்டர் சைக்கிளுக்கு அடித்த பெற்றோலை ரியூப் விட்டு இழுத்து ஜெனரேற்றருக்கு ஊற்றியவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும், திருச்சிப் பெட்டி எங்களிடம் இருந்திருந்தால் அந்த 13 மணித்தியாலத்தில் நாலைத்தானே தாங்கியிருக்கும்? 2025 பெப்ரவரியில் பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு நாட்டையே இருட்டாக்கியதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களுக்கு, 2012 யூலையில் வட, கிழக்கு இந்தியாவில் அறுபது கோடிப் பேர் குரங்கே இல்லாமல் இருட்டில் இருந்ததை நினைவூட்டலாம். தமிழ்நாடு தப்பியது, தென்னக மின்வலை அப்போது தனியாக இருந்தபடியால்.

கூரையில் சோலர் போட்டுவிட்டோம், இனி ஒன்றும் வேண்டாம் என்று இரு கரையிலும் நினைக்கிறார்கள். பற்றறி இல்லாத சாதாரண சோலர், வெளியே கறண்ட் நின்றால் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். உச்சி வெயிலில் கூரை நிறையத் தகடு, வீட்டுக்குள் விசிறி இல்லை.

என் தீர்ப்பு இதுதான். திருச்சி மாடிவீட்டில், மாதாந்தப் பராமரிப்பு வெட்டுக்கும் அந்திநேரத் தடங்கலுக்கும் பற்றறிப் பெட்டி போதும். அடுக்குமாடி பால்கனியில் எஞ்சின் வைப்பது முட்டாள்தனம். வளவும் கிணறும் உள்ள எங்கள் வீட்டுக்கு இன்வேர்ட்டர் ஜெனரேற்றர்தான். வாங்கமுன் தகட்டைப் படியுங்கள்: ஜப்பானில் பாவித்தது என்று மலிவாக வருவது 100 வோற் ஆக இருக்கலாம், எங்கள் வீடு 230. மலிவான சாதாரண இயந்திரம் என்றால், சுருள் செப்புக் கம்பியா அலுமினியமா என்று கேளுங்கள். முதல் 20 மணித்தியாலத்தில் ஒயில் மாற்றுங்கள். நாலைந்து கிழமை ஓடாமல் கிடக்கப்போகிறது என்றால் காபரேற்றரில் நிற்கும் பெற்றோலை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிசினாகிவிடும்.

இரு கரைக்காரருக்கும் ஒரே வேண்டுகோள். இயந்திரத்தை விறாந்தையிலோ மோட்டர் அறையிலோ ஓட்டாதீர்கள். முற்றத்தில், யன்னலில் இருந்து இருபது அடியாவது தள்ளி வையுங்கள். அதன் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நித்திரையிலேயே கொல்லும். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் சுவர்ப் பொயின்ற்றுக்குள் மின்சாரத்தைத் திருப்பி ஏற்றாதீர்கள். அது ட்ரான்ஸ்போமருக்குள் தலைகீழாகப் போய் பல ஆயிரம் வோற் ஆகி, கறண்ட் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்கிறவனைத் தாக்கும். ஒரு சேஞ்ச்-ஓவர் சுவிற்ச்சைத் தெரிந்த மின்வேலைக்காரனைக் கொண்டு போட்டுவிட்டு, அதன் பிறகு கயிற்றை இழுங்கள்.