விஜாதாவின் தலைமுறை

நாம் மத்ரஸாவில் ஓதிய காலத்தில், ஒரு ஹதீஸ் எந்த நூலில் எந்தப் பாடத்தில் உள்ளது என்று கண்டறிவதே ஒரு நாள் வேலை. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் 1936 முதல் வெளிவந்த, வென்ஸிங்க் தொடங்கிய ஹதீஸ் சொல்லடைவில் வேர்ச்சொல்லைத் தேடி, அங்கிருந்து மூல நூலுக்குச் செல்ல வேண்டும். வழியில், நாம் தேடாத பல செய்திகளும் கண்ணில் படும்.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று இணையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது நாம் இருபதுகளில் இருந்தோம். நாம் ஆசிரியராக வளர்ந்த காலமே அது வளர்ந்த காலமும். இன்று நம் மாணவர் ‘அல்மக்தபா அஷ்ஷாமிலா’ என்னும் இலவச மின்னூலகத்தில் ஒரு சொல்லை இட்டால், ஆயிரக்கணக்கான அரபு நூல்கள் சில நொடிகளில் விடை தருகின்றன. அண்மையில் மாணவர் ஒருவர் கேட்டார்: “உஸ்தாத், நொடியில் கிடைப்பதை நாங்கள் ஏன் ஆண்டுக்கணக்கில் ஓத வேண்டும்?” அன்று நாம் தந்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை.

இக்கேள்வி புதியதன்று. கி.பி. 1245இல் திமிஷ்கில் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள், ஹதீஸைப் பெறும் வழிகளை எட்டாக வகுத்தார்கள். ஆசிரியர் வாயிலிருந்து நேரே கேட்பது முதலாவது. ஆசிரியரிடம் கேளாமலும் அனுமதி பெறாமலும் ஓர் ஏட்டில் கண்டெடுப்பது கடைசி. அதன் பெயர் ‘விஜாதா’. இணையத்தோடு வளர்ந்த தலைமுறை பெரும்பாலும் விஜாதாவின் தலைமுறையே.

இமாமவர்கள் விஜாதாவைத் தள்ளிவிடவில்லை; பிற்காலத்தில் அதைக்கொண்டு செயல்படுவது தவிர்க்கவியலாதது என்றே கருதினார்கள். ஆனால் அதற்கோர் ஒழுங்கு வைத்தார்கள். கண்டதைக் ‘கேட்டேன்’ எனக் கூறலாகாது. இன்னாருடைய எழுத்தில் கண்டேன் என்றே கூற வேண்டும். பிரதி நம்பகமானதென உறுதியில்லையேல், இன்னாரிடமிருந்து நமக்கு எட்டியது என்ற அளவில் நிறுத்த வேண்டும்.

இவ்வளவுகோலால் ஷாமிலாவை அளந்தால் அதற்கு நீதி செய்யலாம். விலைகொடுத்து வாங்க இயலாத பெருநூல்களைச் சிற்றூர் மத்ரஸாவுக்கும் அது கொண்டுவந்தது. பக்க எண்கள் தாமாக இடப்பட்டவை, அச்சுப் பிரதியோடு ஒத்தவையல்ல என்ற அறிவிப்பையும் சில நூல்களின் முகப்பில் அதுவே தருகிறது. இது விஜாதாவின் நேர்மை. ஆயினும் அங்கிருந்து வெட்டி எடுப்போர் எண்ணை எடுத்துக்கொண்டு அறிவிப்பை விட்டுவிடுகின்றனர். அடுத்தவர் அதை அச்சு நூலின் எண்ணாகவே எழுதுகிறார். குறை கருவியில் இல்லை; கண்டதைக் கற்றதாகக் காட்டும் நம் பழக்கத்தில் உள்ளது.

இதன் எதிர்காலம் என்ன? 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை என அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஏடே மறைந்தால் ‘கண்டேன்’ என்பதற்குச் சான்றேது? செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோ பலருடைய சொற்களைக் கலந்து ஒரே விடையாக்குகின்றன. சில வேளை இல்லாத நூலையும் சுட்டுகின்றன. விஜாதாவில் ஒருவரது கையெழுத்தாவது இருந்தது. இங்கே அதுவும் இல்லை.

ஆதலால் அம்மாணவருக்கு இன்று நாம் கூறும் விடை இது: தேடுவதற்காக ஓத வேண்டியதில்லை, கிடைத்ததை எடைபோடவே ஓத வேண்டும். இவ்வாண்டு முதல் நம் வகுப்பில், மின்னூலில் கண்ட எந்த மேற்கோளுக்கும் பதிப்பின் பெயர், கண்ட நாள், அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டாரா இல்லையா என்ற மூன்றையும் மாணவர் எழுதித் தர வேண்டும். முதல் வாரத்திலேயே மூன்றாவது கட்டத்தில் பலர் ‘இல்லை’ என்று எழுதினர். அந்த ‘இல்லை’யை நாம் மதிக்கிறோம்.