ஒன்பதாவது ஊசி

ஒன்பது ஊசி கொண்ட டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரான எப்சன் எல்.எக்ஸ்-300 வகையறாவை மெச்சுகிறவர்கள் அதன் உழைப்பைத்தான் சொல்வார்கள். லாரி புக்கிங் ஆபீஸ் தூசியிலும் கார்பன் காப்பியைச் சளைக்காமல் குத்தித் தள்ளுகிறதே என்பார்கள். அது சரிதான். ஆனாலும் அதைவிடப் பெரிய குணம் ஒன்று உண்டு. தனக்கு என்ன கோளாறு என்பதை அது தானே தாளில் அடித்துக் காட்டிவிடும். அதில் எனக்கு அலுக்காத விஷயம் ஒன்பதாவது ஊசி. பில்லில் வரும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் எண்களும் மேலிருந்து ஏழு ஊசிகளுக்குள் முடிந்துவிடும். கடைசி ஊசிக்கு வேலையெல்லாம் சின்ன ‘ஜி’, ‘ஒய்’ போன்றவற்றின் வாலிலும் அடிக்கோட்டிலும்தான். எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடிக்கிற கடையில் அந்த ஊசி செத்துப்போனாலும் ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் பில்லைப் பார்த்து ‘ஹெட் நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. லைன் ஃபீட் பொத்தானை அழுத்தியபடி பவரைப் போட்டு, செல்ஃப் டெஸ்ட்டை டிராஃப்டில் ஓடவிட வேண்டும். எல்லா எழுத்தும் வரிசையாக வரும்போது எந்த ஊசியும் ஒளிய முடியாது.

இருபத்துநாலு ஊசிக்காரர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். எல்.க்யூ பிரிண்டர் எழுத்தின் வழவழப்பு இதில் உண்டா என்பார்கள். இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வழவழப்பே நோயை மூடிவிடுகிறது. அதில் புள்ளி வரிசைகளுக்கு இடைவெளி அங்குலத்தில் 180-ல் ஒரு பங்கு. ஊசியோ சுமார் 0.2 மி.மீ. பக்கத்துப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால், ஓர் ஊசி விழுந்தாலும் கறுப்பு லேசாக வெளுக்கும், அவ்வளவுதான். ஒன்பது ஊசியில் இடைவெளி 72-ல் ஒரு பங்கு. ஒன்று அடிக்காவிட்டால் எழுத்தின் குறுக்கே வெள்ளைக்கோடு பளிச்சென்று நிற்கும்.

அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. வரி முழுக்க ஓடினால் ஊசி, காயில், அதை ஓட்டும் டிரான்ஸிஸ்டர் ஆகிய மூன்றில் ஒன்று. இடப்பக்கம் சரியாக அடித்து, ஹெட் வலப்பக்கம் போனதும் மட்டும் கோடு வந்தால் ஊசிமேல் பழி போடக் கூடாது. மடிந்து மடிந்து விரிசல் விட்ட பிளாட் கேபிளைப் பார்க்க வேண்டும். ‘இத்தனை ஆராய்ச்சி எதற்கு, ஹெட்டையே மாற்றிவிட்டால் போயிற்றே’ என்பது இன்றைய சர்வீஸ்காரர்களின் வாதம். நேரம் மிச்சம் என்பது மெய். ஆனால் கேபிள் கோளாறுக்குப் புது ஹெட் மருந்தாகாது. டிரான்ஸிஸ்டர் ஷார்ட்டாகி இருந்தாலோ, மாட்டிய புது ஹெட்டின் காயிலும் கருகும். காயில்களை மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து பார்க்க எவ்வளவு நேரமாகும்? எட்டு ஒரே அளவு காட்டி ஒன்று மட்டும் மாறினால் விடை அங்கேயே கிடைத்துவிடுகிறதே!

ரிப்பன் விஷயத்தில் சீரழிவு இன்னும் மோசம். ரிப்பன் மையில் இருக்கும் எண்ணெய்தான் ஊசிக்கும் மசகு. எழுத்து மங்கிய பிறகும் ஹெட்டுக்கும் உருளைக்கும் உள்ள இடைவெளியை நெம்புகோலால் நெருக்கி வைத்து ஓட்டுகிறார்கள்; காய்ந்த ரிப்பனில் ஊசி தேய்கிறது, நைந்த நைலான் இழையில் சிக்கினால் ஒடிகிறது. சிக்கனம் என்று ஸ்டாம்ப் பேட் மையை ஊற்றுவது அதைவிடக் கொடுமை. அது ஊசிக்கான மையே அல்ல. உலர்ந்து வழிகளை அடைத்து, முன்னே போன ஊசியை அங்கேயே பிடித்துக்கொள்ளும். பில்லுக்குப் பில் தாளின் அகலத்துக்குச் சிறு கோடுகளை அடுக்கிக் கட்டம் போடும் புரோகிராம்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அத்தனை கோட்டையும் அடிப்பது நடுவிலுள்ள ஒரே ஊசி. மற்ற எட்டும் திடமாக இருக்கையில் அது மட்டும் கட்டையாகிவிட, பழி பிரிண்டர்மேல் விழுகிறது.