ஆடுகளமும் அதன் விளிம்பும்

பொருதலைப் பற்றி ஆராயப் புகுவோர் பெரும்பாலும் பொருவாரையே நோக்குவர். அவர் காலூன்றி நிற்கும் நிலத்தை நோக்குவோர் சிலரே. வீரன் யாவன், அவன் ஏந்திய படை யாது, வென்றவர் எவர் என்னும் வினாக்களே முன் நிற்கின்றன. தமிழ் இலக்கண மரபோ நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்து, தொழில், பறை, உணவு முதலாயினவற்றைக் கருப்பொருள் எனப் பின்னே வைத்தது. புறத்திணைகளிலும் இதனைக் காணலாம். வெட்டவெளியில் இரு படையும் கைகலப்பது தும்பை. மதிலை வளைத்துப் பொருவது உழிஞை. அம்மதிலைக் காத்து நிற்பதைப் பிற்காலத்தார் நொச்சி எனத் தனித்திணை ஆக்கினர். களம் மாறின் திணையே மாறும் என்பது இதன் உட்கிடை.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடரங்கின் அளவைக் கூறுகின்றது. 24 பெருவிரல் அளவுள்ள கோலால் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். தளத்துக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல். புகுதற்கும் புறப்படுதற்கும் இரு வாயில்கள், எழினி மூவகை, தூண்களின் நிழல் அரங்கில் வீழாதவாறு ஏற்றிய விளக்கு. நிழலைப் பற்றிய அக்கவலை ஒன்றே அக்காலத்து அரங்கமைப்போரின் திறனுக்குச் சான்றாகும். ஆயினும் அது நங்கை ஒருத்தி அரசன் முன்னிலையில் ஆடிக்காட்டிய அரங்கு, பொருதற்கென வகுத்ததன்று. பொருதலே பொருளாக வகுத்த அரங்கு எத்தன்மைத்து என வினவின், விடை இரண்டிடங்களிற் கிடைக்கின்றது. ஒன்று, மலையகத் தோட்டங்களில் இரவு முழுதும் ஆடப்பெறும் கூத்துகளின் பொட்டல். மற்றையது, யப்பானியர் வகுத்த ஒருவகை வீடியோ விளையாட்டு. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பேசுதல் சிலர்க்கு நகையை விளைக்கலாம். சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்கப்பட்ட ஒன்றில் அரங்கியல் நுட்பம் இராது என்று எண்ணுவார்க்கே அந்நகை உரியது.

பொருதல் விளையாட்டுகளுள் பெரும்புகழ் பெற்றது 1991ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’. அதன் களங்கள் பல நாடுகளின் பெயரைத் தாங்கியவை. இந்தியக் களத்தில் யானைகள் நிரலாக நிற்கின்றன. ஆனால் அவை பொருவாரைத் தீண்டுவதில்லை. பொருவாரும் அவற்றைத் தீண்டுவதில்லை. எந்நாட்டுக் களமாயினும் காலின்கீழ் உள்ளது ஒரே சமதரை. இருபுறமும் கண்ணுக்குத் தோன்றாச் சுவர். பார்சி நாடகக் குழுக்கள் தொங்கவிட்ட வண்ணத் திரைச்சீலையின் பணியையே அந்த யானைகள் செய்கின்றன. இவ்விளையாட்டில் ஒருவன் தோற்பது அவனது உயிரளவைக் காட்டும் கோடு தேய்ந்தொழியும்போது. நிலத்துக்கும் தோல்விக்கும் தொடர்பில்லை.

1999ஆம் ஆண்டு சனவரியில் நின்டென்டோ நிறுவனம் யப்பானில் வெளியிட்ட ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ இம்முறையைத் தலைகீழாக்கிற்று. அதனை நெறிப்படுத்தியவர் மசஹிரோ சகுராய். இங்கே உயிர்க்கோடு இல்லை. அடிபடுந்தோறும் ஒரு விழுக்காட்டெண் ஏறும்; எண் ஏற ஏற, அடுத்த அடி அவனை மேலும் தொலைவில் எறியும். எல்லைக்கப்பால் எறியப்பட்டவன் தோற்றான். எவ்வளவு அடி வாங்கினும், களத்தில் நிற்கும்வரை அவன் உயிருள்ளவனே. இவ்வொரு விதியால் நிலம் ஓவியத் தன்மை நீங்கி, போரின் பொருளாகவே ஆகிவிடுகின்றது. களம் எவ்வளவு அகன்றது, அதன் விளிம்புக்கும் காணா எல்லைக்கும் இடையே எத்துணை வெளி, மேலே எத்தனை தட்டுகள், அவை எவ்வுயரத்தில் உள்ளன என்பனவெல்லாம் வெற்றி தோல்வியைத் தீர்ப்பனவாயின.

முதல் விளையாட்டின் ‘டிரீம் லேண்ட்’ என்னும் களமே பின்வந்த பலவற்றுக்கு மூலம். அடியில் அகன்ற பெருந்தளம். அதன்மேல் இருபுறமும் ஒவ்வொரு மெல்லிய தட்டு. நடுவே அவற்றினும் உயரத்தில் மூன்றாவது. மெல்லிய தட்டின் ஊடே கீழிருந்து பாய்ந்தேறலாம்; விரும்பின் அதன் ஊடே இறங்கவுஞ் செய்யலாம். அது ஏறுவானுக்கு நிலம், தாக்குவானுக்கு மறைப்பு, மேலே உள்ளவனுக்குச் சில வேளைகளிற் பொறி. மூன்று பலகைகளால் இத்துணைப் பொருளை விளைத்தது சிறந்த அமைப்பென்றே கூறல் வேண்டும். 2001ஆம் ஆண்டு வந்த ‘மெலீ’ என்னும் இரண்டாம் விளையாட்டில் ‘ஃபவுண்டன் ஆஃப் டிரீம்ஸ்’ என்னும் களத்தின் பக்கத் தட்டுகள் ஏறியும் இறங்கியும் வரும். வீரன் பழகிய அடவு அங்கே ஒருகணம் பொருந்தி மறுகணம் பிழைக்கும்.

எனினும் இவ்வரங்கின் உயிர்நிலை தட்டன்று, விளிம்பு. எறியப்பட்டவன் வெளியிற் பாய்ந்து திரும்பி, தளத்தின் ஓரத்தைக் கையாற் பற்றித் தொங்கலாம். அவனை மேலேறவொட்டாது தடுத்து மற்றவன் ஓரத்தில் நிற்பான். இந்நிலையிற் போர் தும்பையாதல் ஒழிந்து உழிஞையும் நொச்சியுமாகிவிடுகின்றது. சற்று முன் சமநிலத்திற் பொருத இருவருள் ஒருவன் மதிலேறுவோன், ஒருவன் மதில் காப்போன். சில நொடிகளில் இந்நிலை மாறி மீண்டும் தும்பை வரும். தமிழ்ப் புலவர் தனித்தனித் திணைகளாகப் பிரித்தவற்றை ஒரே களம் மாற்றி மாற்றி விளைப்பது வியப்பே.

விளிம்பைப் பற்றி அப்புத்தளை மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில், ஒடுங்கிய மலைமுதுகின்மேல் அமைந்த ஊர் அது. ஒருபுறம் ஊவா மலைகள் அலையலையாகக் கிடக்க, மறுபுறம் தரை திடுமென அற்றுத் தென்சமவெளி கீழே தோன்றும். அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் லயங்களும் கோயிலும் தேயிலை நிரைகளும் படிப்படியாக வெட்டிய நிலங்களிலேயே நிற்கின்றன. நிலம் நிலையானது என்னும் நம்பிக்கைக்கும் அங்கே அளவுண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்ததை இப்பகுதியார் மறந்திலர்.

இத்தகைய நிலத்தில் கூத்துக்குரிய களம் எவ்வாறு உண்டாகின்றது என்பது ஆராயத்தக்கது. மலையகத்தார் போற்றும் கூத்துகள் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என மூன்று. மூன்றிலும் பொருதல் உண்டு. மாசி மாதத்து அமாவாசை கழிந்தபின் கம்பம் ஊன்றிக் காமன் கூத்தைத் தொடங்குவர். கம்பம் ஊன்றிய அன்றே வெறுந்திடல் காமன் பொட்டல் ஆகிவிடும். அதற்குக் குறடில்லை, எழினியில்லை, தூணுமில்லை. தப்பு முழங்க, சூழ நிற்கும் மக்களே அதன் எல்லை. அவ்வெல்லை உயிருள்ளதாகலின் அசையும். இரதியும் மன்மதனும் ஆடும்போது கூட்டம் நெருங்கிவர, களம் சுருங்கும். தக்கன் வேள்வியை அழிக்க வீரபத்திரன் ஆவேசத்தோடு புகுங்கால் கூட்டம் அஞ்சிப் பின்வாங்க, களம் விரியும். கதையின் சுவைக்கேற்பக் களத்தின் பரப்பே மாறுவதை எந்தத் தச்சனாலும் அமைத்தல் இயலாது. நின்டென்டோவின் ஏறியிறங்கும் தட்டுகள் குறித்த பொறியால் இயங்குவன. பொட்டலின் விளிம்போ பார்ப்பவரின் அச்சத்தாலும் அன்பாலும் இயங்குவது.

இதன் பின்னணியில் வேறொன்றும் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட இம்மக்களுள் எஞ்சியிருந்தார்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே வழி திறந்தது. லயம் தோட்டத்தினுடையது, அது நிற்கும் நிலமும் தோட்டத்தினுடையது. ஆண்டுதோறும் ஒரு கம்பத்தை ஊன்றிச் சில இரவுகளுக்கேனும் ‘இது எம் களம்’ என வரைந்துகொள்ளும் உரிமையின் அருமையை, எல்லைக்கப்பால் தள்ளப்பட்டவரே நன்கறிவர்.

அருச்சுனன் தபசின் களம் மேல்நோக்கியது. திரௌபதி அம்மன் விழாக்களில் நெடிய மரமொன்றை நட்டு, குறுக்குப் படிகள் அடித்து, உச்சியில் ஒரு தட்டு அமைப்பர். அருச்சுன வேடம் பூண்டவர் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலமர்ந்து தவம் புரிவார். கதைப்படி, பாசுபதம் பெறுமுன் அவன் வேடனாய் வந்த சிவனோடு ஒரு பன்றியின் பொருட்டுப் பொருதல் வேண்டும். உச்சியிலே தவம், தரையிலே மற்போர். ஏறும் வீரன் தவறினால் வீழ்வான் என்பதை யாவரும் அறிவர். ஆகலின் அவ்வேறுதலே ஒரு போர். நடிப்புக்கும் மெய்க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அம்மரம் அழித்துவிடுகின்றது.

இனி, இவ்விருவகைக் களங்களுக்கும் நேர்ந்ததை நோக்குவோம். வீடியோ விளையாட்டுப் போட்டிகள் பெருகியபோது, வீரர்கள் களங்களைக் களைந்தனர். ‘மெலீ’யின் ‘டெம்பிள்’ பரந்தது; அதிற் சுற்றிச் சுற்றி ஓடித் தப்பலாம்; ஆதலின் அது விலக்கப்பட்டது. காற்றெறிவன, தீயுமிழ்வன, உருமாறுவன பலவும் விலகின. எஞ்சிய சிலவற்றுள் இருவரும் மாறி மாறி நீக்கியபின் நிற்பதே களம் என்பது வழக்காயிற்று. 2018ஆம் ஆண்டு வந்த ‘அல்டிமேட்’ ஒவ்வொரு களத்தையும் சமதளமாகவோ மூன்று தட்டுகளோடோ மாற்றிக்கொள்ள இடந்தந்தது. பெயர் பல, நிலம் இரண்டே; யானைகள் மீண்டும் ஓவியமாயின.

திறனை அளக்க வேண்டின் தற்செயலை நீக்குதல் தக்கதே. இதிற் பெரிதும் குறைகாண இடமில்லை. ஆனால் தட்டே இல்லாச் சமதளம் இருவர்க்கும் பொதுவானது என்னும் எண்ணம் பிழை. ஒதுங்க மேலிடம் இன்மையின், தொலைவிலிருந்து எறிபடை விடுப்பார்க்கே அது சார்பானது. வெறுமையும் ஓர் அமைப்பே. அதனை நடுநிலை என அழைப்பதால் அதன் சார்பு மறைகின்றதேயன்றி ஒழிவதில்லை.

கூத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. மட்டக்களப்பு வடமோடிக் கூத்துகள் பெரும்பாலும் போரைப் பொருளாகக் கொண்டவை. அவை வட்டக்களரியிற் பிறந்தவை. மக்கள் சூழ்ந்திருப்ப, ஆடுவோர் வட்டமாகச் சுழன்று ஆடுவர். எத்திசைக்கும் முதுகு நிலையாகக் காட்டப்படுவதில்லை. 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றைப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். இரவு முழுதும் ஆடியது சில நாழிகையாகச் சுருங்கிற்று. அண்ணாவியாரும் மத்தளமும் மேடையின் ஒருபுறம் ஒதுங்கினர். இம்முயற்சி இன்றேல் கற்றோர் கூத்தை மதித்திரார் என்பது உண்மை, அந்நன்றி மறத்தற்குரியதன்று. ஆயினும் வட்டமாய்ச் சுழன்ற ஆட்டம் ஒருமுகப்பட்டபோது போரின் இயல்பு மாறியது. களரியில் ஒருவனுக்குப் பின்னிருந்தும் ஆபத்து வரலாம். படச்சட்டத்துள் பின்புறம் வெறுந்திரையே. ஆபத்து இடமிருந்தோ வலமிருந்தோ மட்டும் வரும். யானைகள் நின்ற அச்சமதரையும் இத்தகையதே.

பேராதனையில் இம்மாற்றம் அறிஞர் ஒருவரால் எண்ணித் துணிந்து செய்யப்பட்டது. மலையகக் கூத்து மண்டபத்துள் ஏறும்போது அவ்வெண்ணமும் பெரும்பாலும் இருப்பதில்லை. மண்டபம் உள்ளது, ஆதலின் கூத்து அதனுள் புகுகின்றது. ஒலிவாங்கி ஒன்றை நடுவே நட்டு, ஆடுவோர் அதனை நோக்கியே நிற்கப் பழகுகின்றனர். கம்பத்துக்குரிய இடத்தை ஒலிவாங்கி கவர்ந்துகொள்கின்றது. வீரபத்திரன் புகுங்கால் நாற்காலியில் அமர்ந்தார் பின்வாங்குவதெங்ஙனம்? மேடையின் ஓரத்துக்கும் முதல் வரிசைக்கும் இடையே அசையாத ஓர் இடைவெளி கிடக்க, அவன் அதனைக் கடவாமலே ஆடி முடிக்கின்றான்.

இதற்கு மாற்று அரிதன்று. பாடசாலைகளில் மண்டபத்தை விடுத்து விளையாட்டுத் திடலில், மாணவரை வட்டமாக நிறுத்தி ஒருமுறை ஆடிப்பார்த்தாலே, எந்த அடவு எத்திசைக்கென வகுக்கப்பட்டது என்பது விளங்கும். தபசு மரத்துக்கோ வேறு வழியே இல்லை. கூரையின்கீழ் அதற்கு இடமில்லை. அங்கே அருச்சுனன் ஒரு முக்காலியின்மேல் ஏறி நின்று தவம் புரிகின்றான், வீழ்வதற்கு உயரமின்றி.