நூரியாவின் கணவாய்கள்

மலைக்குப் போய் வந்தவரிடம் எல்லோரும் கேட்பது, “எவ்வளவு உயரம் ஏறினீர்கள்?” என்றுதான். காத்தலோனியாவின் நூரியாப் பள்ளத்தாக்கில் அதற்கு விடை சுலபம். அங்கே எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது புச்மால், 2,910 மீட்டர். அகன்று, மொட்டையாக, கல் சிதறிக் கிடக்கும் முதுகு அது. உச்சியில் ஓர் இரும்புச் சிலுவை. புச்மாலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைவளையத்தின் நயமெல்லாம் இரண்டு சிகரங்களுக்கு நடுவே தோள் தாழ்ந்து கிடக்கும் கணவாய்களில்தான் இருக்கிறது என்பேன்.

பிரெனீஸ் மலைத்தொடரின் கிழக்குப் பகுதியில் தெர், ஃப்ரெசேர் என்ற இரண்டு ஆறுகள் பிறக்கும் உயரங்களை 2015இல் இயற்கைப் பூங்காவாக அறிவித்தார்கள். சிகரத்தின் பெயரை வைக்காமல் ஆறுகளின் பெயரை வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. நூரியா இருப்பது அந்தப் பூங்காவில், 1,964 மீட்டர் உயரத்தில். இன்றும் அங்கே போகச் சாலை கிடையாது. ரீபெஸ் தெ ஃப்ரெசேர் ஊரிலிருந்து 1931 முதல் ஓடும் பற்சக்கர ரயில் 12.5 கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்கும் மேலே ஏற்றிவிடும், இல்லையென்றால் நடைதான். ரயில் வந்த அதே ஆண்டு ஜூன் மாதம், காத்தலோனியாவின் தன்னாட்சிச் சட்ட வரைவை இங்கே அமர்ந்துதான் எழுதினார்கள். மாதா கோயில் ஒன்றும் உண்டு. பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் அங்குள்ள பானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு மணியை அடிப்பார்கள். நூரியா என்று பெயர் வைத்த பெண்கள் அந்த நாட்டில் எங்கும் இருக்கிறார்கள். பள்ளத்தாக்கைச் சூழ்ந்த முகடுகளின் வளையத்தையும் மலைநடைக்காரர்கள் நூரியாப் பானை என்றுதான் சொல்கிறார்கள். அதன் விளிம்பை முழுக்கச் சுற்றினால் இருபது கிலோமீட்டருக்கு மேல் வரும்.

அந்த விளிம்பில் மேற்கிலிருந்து கிழக்காக ஃபினெஸ்த்ரேயெஸ், எய்னா, நோஃபோன்ட்ஸ், நோக்ரேவ்ஸ் என்று நான்கு கணவாய்கள். முதல் மூன்றும் 2,600 மீட்டருக்கும் 2,700 மீட்டருக்கும் இடையில் இருக்கின்றன. கடைசிக் கணவாய் ஏறத்தாழ 2,800 மீட்டர்.

கணவாய்ப் பாதையின் அழகை முதலில் கண்டுகொள்வது கால்தான். சிகரப் பாதைக்கு உச்சி ஒன்றே குறி. நெஞ்சு முட்ட நேரே ஏறும். கணவாய்ப் பாதையை உண்டாக்கியவர்கள் வேறு. சுமையோடும் ஆடு மாடுகளோடும் மறுபக்கம் போயே ஆகவேண்டியவர்கள் தலைமுறை தலைமுறையாக மிதித்து மிதித்துப் போட்ட தடம் அது. எங்கே மூச்சு வாங்கப் போகிறதோ அதற்குச் சற்று முன்பே வளைந்து திரும்பிவிடும். ஓடையை விட்டு அதிகம் விலகாது. விலங்குகளுக்குத் தண்ணீர் வேண்டுமே. எய்னா கணவாய் வழியாகத்தான் வடக்கே செர்தாஞா சமவெளி மக்கள் நூரியா மாதாவைக் கும்பிட வந்தார்கள். அவசரமில்லாமல், நிற்காமல் ஏற முடிகிற அந்தச் சரிவில் அவர்களுடைய நடையின் அளவு இன்னும் இருக்கிறது.

கீழே மலைப் பைன் மரங்கள். அவற்றினூடே கோடைத் தொடக்கத்தில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் புதர்கள். மரங்கள் முடிந்ததும் புல்வெளி. மார்மட் என்ற மலை அணில் வளை வாசலில் எழுந்து நின்று விசில் அடிக்கும். இன்று இம்மலைக்கே உரிய குரல்போல ஒலித்தாலும், ஆல்ப்ஸிலிருந்து கொண்டுவந்து 1948இல் பிரெஞ்சுப் பக்கம் விட்ட விலங்குகளின் வாரிசுகளே இவை.

புல்லும் முடிந்தால் வெறும் கல். முகட்டுப் பாறை தகடு தகடாகப் பிளக்கும் சிலேட்டு வகை. மிதித்தால் உடைந்த ஓடுகள் ஒன்றோடொன்று உரசுவது போன்ற ஒலி. இந்தச் சரளை ஓரிடத்தில் நிற்பதில்லை. நீர் உறைந்து உருகும்போதெல்லாம் சற்றே கீழிறங்குகிறது. இப்படி நகர்ந்துகொண்டே இருக்கும் தரையில் போய் வளர்கிறது ஒரு செடி. இங்குள்ள மலையாடான இசார்ட்டின் பெயரால் அதற்கு உள்ளூரில் ‘இசார்ட்டின் பார்ஸ்லி’ என்று பெயர். மலைக்கு அப்பால் பிராட்ஸ் தெ மோயோ ஊரில் வாழ்ந்த ஷதார் என்ற தாவரவியலாளரின் நினைவாக அதன் பேரினத்துக்கு ஷதார்தியா என்று பெயர். அந்தப் பேரினத்தில் இனம் இது ஒன்றுதான். அதுவும் கிழக்கு பிரெனீஸுக்கே உரியது. பூ ஒன்றும் கண்ணைப் பறிக்காது. பச்சையும் மஞ்சளும் கலந்த கொத்து, தடித்த காம்போடு தரையை ஒட்டி அமர்ந்திருக்கும். அவசரமாகப் போகிறவர் களை என்று நினைத்துத் தாண்டிவிடுவார். மேலே கற்கள் நகர்ந்தபடி இருக்க, வேரை ஆழ இறக்கிவிட்டு அது அசையாமல் நிற்பதைக் குனிந்து பார்த்தவருக்கு அன்றைய நடையில் வேறொன்றும் வேண்டியிருக்காது.

கணவாயின் மேலே வந்ததும் கவனிக்க வேண்டியது தண்ணீரை. ஃபினெஸ்த்ரேயெஸ் கணவாயில் தெற்கே விழும் மழைத்துளி நூரியாவுக்கு இறங்கி, ஃப்ரெசேரில் கலந்து, ரிபோய் ஊரில் தெர் ஆற்றைச் சேர்ந்து, ஜிரோனா நகரைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது. ஓர் எட்டு வடக்கே தள்ளி விழுந்திருந்தால் அது செக்ரே ஆற்றின் நீர். பிரெஞ்சு மண்ணில் பிறந்து, ஸ்பெயினுக்குள் நுழைந்து, யெய்தா நகரைக் கடந்து, எப்ரோவில் கலந்து, வெகுதூரம் தெற்கே எப்ரோவின் கழிமுகத்தில் கடல் காணும். கிழக்கே நோக்ரேவ்ஸில் வடபுறம் விழும் துளிக்கு மூன்றாவது வழி: கரான்சா ஓடை, பிறகு தெத் ஆறு, பிறகு பெர்பிஞான். மூன்றும் மத்தியதரைக் கடலில்தான் முடிகின்றன. ஆனால் சேரும் கரைகள் வேறு, நனைக்கும் வயல்கள் வேறு. சிகரத்தில் நிற்கும்போது இது புத்தியில் உறைக்காது. அங்கே எல்லாத் திசையும் சரிவு. கணவாயில் போவதற்கு இரண்டே வழி. எந்த வழி என்று முடிவுசெய்யும் கல்தரையின் மேல் நம் இரண்டு பாதங்களும் இருக்கின்றன.

இந்த முகடுதான் ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் எல்லை. 1659இல் செய்த பிரெனீஸ் உடன்படிக்கை செர்தாஞா சமவெளியைக் குறுக்கே இரண்டாக அறுத்தது. நூரியாவுக்கு மேலே மட்டும் கோடு தண்ணீர் பிரியும் இடத்தையே பின்பற்றியது. என்றாலும் இரு பக்கமும் பேசியது காத்தலான் மொழி. இரு பக்கத்துக்கும் மாதா ஒருத்தியே.

நோக்ரேவ்ஸ் கணவாயில் இரும்புச் சிலுவைகள் வரிசையாக நிற்கின்றன. இங்கே குளிரில் மாண்ட வழிப்போக்கர்களுக்காக என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். கதை எப்படியிருந்தாலும் காரணம் உண்மையானது. இம்மலைகளில் குளிர்காலத்தில் வீசும் ஒரு காற்றுக்குத் தோர்ப் என்று பெயர். அது புதுப் பனியைக் கொண்டுவருவதில்லை. ஏற்கெனவே தரையில் கிடக்கும் பொடிப்பனியை வாரித் தூக்கிச் சுழற்றும். மேலே வானம் தெளிந்திருக்கும்போதே கீழே நடப்பவருக்குத் தன் கை தெரியாது. கணவாய் என்பது காற்றுக்கும் வாசல்தான். அங்கே அது குவிந்து விரையும். அந்தச் சிலுவைகள் கைக்கெட்டும் உயரத்தில், வழியை ஒட்டியே நிற்பதில் ஒரு பரிவு இருக்கிறது. புச்மாலின் சிலுவை வெற்றிக்குரியது, இவை ஆட்களுக்குரியவை.

இங்கிருந்து நெடும்பாதை கிழக்கே தெர் பிறக்கும் உல்தெதேருக்குப் போகிறது. 1876இல் தோன்றிய காத்தலோனிய மலைநடைக் கழகம் 1909இல் தன் முதல் தங்குமனையைக் கட்டியது அங்கேதான்.

ஒரு பகல்தான் கையில் இருக்கிறது என்றால் புச்மாலை விட்டுவிட்டு எய்னா கணவாய்க்கு ஏறுங்கள். ஜூலை மாதமாக இருந்தால் முகட்டைத் தாண்டிச் சிறிது தூரம் வடக்கே இறங்கிப் பாருங்கள். எய்னா பள்ளத்தாக்கின் பூக்களைத் தேடித் தாவரவியலாளர்கள் நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கிறார்கள். பிரான்ஸ் அதை இயற்கைக் காப்பகமாக்கியிருக்கிறது. கடைசி ரயிலின் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வெளிச்சம் மிச்சமிருந்தால் ரயிலை விட்டுவிடவும் செய்யலாம்: அருவிகளை ஒட்டி, இறுகிய நைஸ் பாறையின் இடுக்கு வழியாகக் கெரால்ப்ஸ் ஊருக்கு இறங்கும் பழைய பாதையும் அதே பொறுமைசாலிகள் போட்டதுதான்.